பதினொரு தடவை இல்லை

அந்தப் படிவத்தில் பதினொரு கேள்விகள் இருந்தன. பதினொன்றுக்கும் "இல்லை" என்று எழுதினேன். கடந்த மாதத்தில் பார்வை மங்கியதா? இல்லை. கை கால் விறைத்ததா? இல்லை. நடையில் மாற்றம் உண்டா? இல்லை. வேலைக்குப் போக முடியாத நாட்கள் உண்டா? இல்லை. எழுதி முடித்துக் கையெழுத்தும் வைத்துவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். பிடிக்காமல் எழும்ப அன்றைக்கு என்னால் முடியாது.

இந்த நோய் வந்தவர்கள் எங்கள் ஊரில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அவர்கள் என்னைப்போல முட்டாள்தனம் பண்ணக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இப்போது நோய் அடங்கியிருக்கிறது. அப்படி டொக்டர் சொல்கிறார், நானும் ஓரளவுக்கு நம்புகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் நான் டைப்பிஸ்ட். உள்ளே போக பாஸ் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். வாசலில் சென்ட்ரி என்று நாங்கள் சொல்லும் கடற்படைக் காவல் சாவடி, பக்கத்தில் பெண்களைச் சோதிக்க ஒரு தகரக் கொட்டில். சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம் அது. அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பெண் இடுப்பை அசைக்காமல் விறைப்பாக நடந்துவந்தால், சேலைக்குள் எதையோ கட்டிக்கொண்டு வருகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

எனக்கு முதலில் வந்தது இடது கை விரல்களில். டைப் அடிக்கும்போது எழுத்துக்கள் விடுபட்டன. மனேஜர் கடிதங்களைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். மெஷினில் கோளாறு என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு கால்கள் மரக்கட்டையாகின. ஒரு காலை நான் சாவடியை நெருங்க விசில் ஊதினார்கள். கையை விரித்துக்கொண்டு வெயிலில் நில் என்றார்கள். கொட்டிலுக்குள் இரண்டு தரம் சோதித்தார்கள். வெளியே வந்து நடந்துகாட்டச் சொன்னார்கள், நடந்தேன். திரும்பி நடக்கச் சொன்னார்கள், அதையும் செய்தேன். அன்று மாலை வீட்டுக்கு வந்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒழுங்காக நடப்பதுபோல நடக்கப் பழகினேன். அவமானத்தில் அழுதுகொண்டேதான் பழகினேன்.

என் கணவர் லிங்கம் படகு எஞ்சின் திருத்துபவர். எதையும் கழற்றிப் பார்த்தால் கோளாறு தெரிந்துவிடும் என்று நம்புகிறவர். அவர்தான் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். கண்டியில் பதினெட்டு நாள். முதுகில் ஊசி ஏற்றித் தண்டுவடத்தைச் சுற்றி ஓடும் நீரில் கொஞ்சம் எடுத்தார்கள். குகை மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்கவைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். உள்ளே அந்தச் சத்தத்தில் நான் நினைத்ததெல்லாம், இந்தப் படத்தை யார் யார் பார்ப்பார்கள் என்பதுதான்.

நோயின் பெயர் மல்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். சொன்னவர் டொக்டர் ஞானசேகரம், ஐம்பது வயதைத் தாண்டிய நரம்பு வைத்தியர். "கரண்ட் வயருக்கு மேல ரப்பர் உறை இருக்குத்தானே, பிள்ளை. நரம்புக்கும் அப்பிடி ஒரு உறை இருக்கு. கிருமியைப் பிடிக்க வேண்டிய எங்கட உடம்பின்ர காவல்காரர் ஆள்மாறி அந்த உறையை அடிக்கினம். அடிச்ச இடத்தில செய்தி ஒழுங்காப் போகாது. கை விறைக்கும், கால் இழுக்கும், சிலருக்குக் கண் மங்கும். கொஞ்ச நாளில தானா அடங்கும். திரும்ப வரும்."

லிங்கம் என்னைப் பார்த்தார். "பாத்தீரோ, உமக்கு உள்ளுக்கையும் ஒரு சென்ட்ரி," என்றார். டொக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதருக்கு முன்னால் இப்படிக் கதைக்கலாமா என்று லிங்கத்தின் கையில் கிள்ளினேன்.

டொக்டர் ஞானசேகரம் மாதத்தில் இரண்டு நாள் எங்கள் ஊருக்கு வந்து கிளினிக் நடத்துவார். வீடு திரும்பிய பிறகு நான் அங்கே போனேன். முதல் நாளே ஓர் ஆராய்ச்சி பற்றிச் சொன்னார். நரம்புக்குள்ளே நீளவாக்கில் இழை இழையாக ஒரு புரதம் இருக்கிறதாம். நரம்பு சேதப்படும்போது அந்த இழை உடைந்து கொஞ்சம் இரத்தத்தில் கலக்குமாம். அதை அளந்தால், நோய் உறங்குகிறதா உள்ளுக்குள் வேலை செய்கிறதா என்று அறியலாமாம். ஒவ்வொரு முறையும் குகைக்குள் படுக்கத் தேவையில்லை, ஒரு குழாய் இரத்தம் போதும். ஆனால் இது இன்னும் பரிசோதனைதான், இதை வைத்து வைத்தியம் முடிவு செய்ய முடியாது, மாதாமாதம் இரத்தமும் படிவமும் தருவீர்களா என்று கேட்டார்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடிக்காதவை பல. குழாயில் பெயர் இருக்காது, இலக்கம்தான் இருக்கும் என்றார். என் இலக்கம் ஏழு. பெயரை ஏன் மறைக்க வேண்டும்? பெயரும் இலக்கமும் சேர்ந்த பட்டியல் யாரிடம் இருக்கிறது? இரத்தம் கொழும்புக்குப் போய் அங்கிருந்து விமானத்தில் வெளிநாட்டுக்குப் போகுமாம். திருகோணமலை டைப்பிஸ்டின் இரத்தத்தில் வெளிநாட்டுக்காரனுக்கு என்ன அக்கறை? மறுத்துவிடலாம்தான். ஆனால் ஒன்றை மறுத்தால் ஏன் மறுத்தாய் என்ற அடுத்த கேள்வி வரும். ஆகவே கையை நீட்டினேன்.

இரத்தம் எடுத்தவர் தாதி நஸ்ரின் மிஸ்ஸி, கிண்ணியா ஊர்ப் பிள்ளை, முப்பது வயதுக்குள். எடுத்த இரத்தத்தை ஒரு மெஷினில் வேகமாகச் சுழற்றுவார். சிவப்பு அடியில் படிய, மேலே வெளிர் மஞ்சள் நீர் தெளியும். அதைச் சுண்டுவிரல் அளவுக் குழாயில் மாற்றி, இலக்கம் ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் வைப்பார். ஐஸ் மீன்வாடியிலிருந்து வரும். பெட்டியைத் திறந்தால் மீன் வெடில் அடிக்கும். பாரை மீனுக்கும் எனக்கும் ஒரே ஐஸ்தான்.

இரண்டாம் மாதம், அந்த மிஸ்ஸி ஆஸ்பத்திரி கேற்றடியில் ஒரு சிவில் உடுப்புக்காரனுடன் நின்று கதைத்ததைக் கண்டேன். தலைமயிர் ஒட்ட வெட்டியவன், இடுப்பில் சேட்டுக்குள் ஏதோ புடைத்தது. அவன் புலனாய்வுக்காரன் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றோடு படிவத்துக்கு என்ன பதில் என்று முடிவெடுத்துவிட்டேன்.

அந்தக் காலத்தை அறியாதவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். பேனையும் கடதாசியும் வைத்துக்கொண்டு ஒருவர் கேள்வி கேட்டால் "இல்லை, தெரியாது, காணேல்லை" என்று சொல்லித்தான் நாங்கள் உயிர் வாழ்ந்தோம். வீட்டில் எத்தனை பேர், யார் வந்து போனது, உடம்பில் காயம் உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். "நடையில் மாற்றம் உண்டா" என்று படிவம் கேட்டபோது, என்னை வெயிலில் நடக்கவிட்டவனின் குரல்தான் எனக்குக் கேட்டது. ஓம் என்று எழுதினால் அது துறைமுகத்துக்குப் போகும், பாஸ் போகும், வேலை போகும். அதற்கு மேலும் போகக்கூடும்.

மறைத்ததால் நான் இழக்கக்கூடியது என்ன என்பதும் எனக்குத் தெரியாமலில்லை. நோயை அடக்கிவைக்க ஓர் ஊசி இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது. கொழும்பிலிருந்து அரசாங்கச் செலவில் ஒருசிலருக்குத்தான் கிடைக்கும். இரண்டு வருடத்துக்குள் இரண்டு தடவையாவது நோய் தாக்கியிருந்தால்தான் பெயரை அனுப்பலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். "உங்களுக்கு இதுவரை ஒருக்காத்தான். திரும்ப ஏதும் வந்தால் உடன சொல்லுங்கோ, பிள்ளை. ஒளிக்காதேங்கோ." ஒளிக்காதே என்றதும் என் சந்தேகம் இன்னும் கூடிப்போனது.

நாலாம் மாதம் கால்கள் மறுபடி கட்டையாகின. இரண்டு கிழமை, பதினாலு நாளும், கந்தோருக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் கிடந்தேன். சாம்பல்தீவிலிருந்து மச்சாள் பவளம், லிங்கத்தின் தமக்கை, வந்து நின்று சமைத்தார். பக்கத்து வீட்டார் எனக்கு என்ன என்று கேட்டபோது "யோகாவுக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பை நிமிர்த்த ஏலாது" என்றார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பொய் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கிளினிக் நாள் வந்தபோது ஓரளவு நடக்கக்கூடியதாக இருந்தது. படிவத்தில் பதினொரு இல்லை. டொக்டர் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்தார். பழைய சேதமா புதிதா என்பதைச் சுத்தியல் சொல்லாது. ஆறாம் மாதம் நெஞ்சைச் சுற்றி யாரோ பட்டி போட்டு இறுக்குவதுபோல ஒரு பிடிப்பு வந்து பத்து நாள் நின்றது. அதற்கும் இல்லை.

ஒன்பதாம் மாதம் டொக்டர் படிவத்தை நீட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"முதல் ஆறு மாதத்து இரத்த முடிவுகள் வந்திருக்கு. இதை ஆளுக்குச் சொல்லக்கூடாதுதான். ஆனா சொல்லாமல் இருக்க எனக்கு மனம் கேக்கேல்லை. இலக்கம் ஏழில நாலாம் மாதம் அந்தப் புரதம் நல்லா ஏறியிருக்கு. இறங்கி, ஆறாம் மாதம் திரும்ப ஏறியிருக்கு. படிவத்தில நீங்கள் ஒண்டுமில்லை எண்டு எழுதியிருக்கிறியள்."

நான் சுவரைப் பார்த்தேன்.

"மெஷின் பிழையெண்டால் எல்லாருக்கும் பிழைச்சிருக்கும். அப்ப குழாய் மாறியிருக்கோணும். இண்டைக்குக் காலையில நஸ்ரின் மிஸ்ஸியை நல்லா ஏசிப்போட்டன். இந்த வேலையிலயிருந்து அவவை நிப்பாட்டச் சொல்லி எழுதவும் யோசிச்சனான். பிறகுதான் உங்களை ஒருக்காக் கேப்பம் எண்டு நினைச்சன்." கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். "குழாய் மாறினதோ, பிள்ளை?"

"எனக்கு ஒண்டுமில்லை, டொக்டர்," என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அவர் கோபிக்கவில்லை. "இந்த இரத்த முடிவைக் காட்டி ஊசி எடுக்க ஏலாது. இது ஆராய்ச்சிதானே, கொழும்பில ஏற்கமாட்டினம். உங்கட வாயாலதான் வரோணும். என்ன மாதம் என்ன நடந்தது, ஏன் முந்திச் சொல்லேல்லை எண்டு உங்கட கையால எழுதிக் கையெழுத்து வைச்சுத் தந்தால் நான் பேரை அனுப்புவன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இஞ்ச நிப்பன்."

வீட்டுக்கு வந்து லிங்கத்திடம் சொன்னேன். அவர் கிறீஸ் கையோடு குசினி வாசலில் நின்று கேட்டார்.

"முந்திச் சொன்னது பொய்யெண்டு எழுதிக் கையெழுத்தோ? உமக்கென்ன விசரே? எழுதிக் குடுத்திட்டுத் திரும்பி வராத ஆக்களை நாங்கள் அறியாத ஆக்களே? இரத்தமாம், புரதமாம். நல்ல வலை போட்டிருக்கினம்."

"வலையெண்டால் ஒன்பது மாதம் ஏன் காத்திருக்கிறாங்கள்?"

"எனக்கென்ன தெரியும். நீர் ஒண்டும் எழுதாதையும்."

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது ஒவ்வொன்றும் நான் ஏற்கெனவே நினைத்ததுதான். ஆனால் என் இரத்தத்தில் அந்த இழை ஏறி இறங்கியது பொய்யல்ல. நான் கட்டிலில் கிடந்த மாதத்தையும் நெஞ்சு இறுகிய மாதத்தையும் எங்கோ ஒரு வெளிநாட்டுக்காரன் ஒரு துளி மஞ்சள் நீரிலிருந்து சரியாகச் சொல்லியிருக்கிறான். முதலில் பயந்தேன், உள்ளே ஒரு காட்டிக்கொடுப்பவன் இருக்கிறான் என்று. நானும் மச்சாளும் சேர்ந்து மறைத்ததை இரத்தம் சொல்லிவிட்டதே என்று அதன்மேலேயே ஆத்திரம் வந்தது. பிறகு அந்த மிஸ்ஸி ஏச்சு வாங்கியது நினைவுக்கு வந்தது. அவள் பிழையாக ஒன்றும் செய்யவில்லை என்று இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

லிங்கத்திடமும் சொல்லாத ஒன்று இருந்தது. ஒரு கிழமையாக இடது கண்ணை அசைத்தால் உள்ளே நொந்தது. அன்று குசினியில் மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். தூள் செங்கல் நிறமாக, பிறகு மண் நிறமாகத் தெரிந்தது. போத்தலை வைத்துவிட்டுச் சோறு போட்டேன்.

காலையில் லிங்கம் எஞ்சின் ஒன்று பார்க்கப் போனதும் நான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நஸ்ரின் மிஸ்ஸி குழாய்களுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"தங்கச்சி, கேற்றடியில உன்னோட கதைச்சவன் என்னத்துக்கு வந்தவன்?"

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் குழாயைக் கீழே வைத்தாள்.

"நரம்புக் கிளினிக்குக்குக் கை கால் ஏலாம வாற ஆக்கள்ட பேர் கேட்டு வந்தவன். சண்டையில காயப்பட்ட ஆக்கள் வருகினமோ எண்டு பாக்கவாம். பேர் இங்க இல்ல, டொக்டர்ட்ட கேளுங்க எண்டன். டொக்டர் பட்டியல் கண்டியில எண்டு சொல்லிட்டார். மூணு தரம் வந்தான்." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதானா அக்கா? நான் காட்டிக்குடுக்கிற ஆள் எண்டு நினைச்சா எல்லாத்துக்கும் இல்ல எண்டு எழுதினீங்க? நான் ஒவ்வொரு குழாயையும் மூணு தரம் பாத்து ஒட்டுறனான். நேத்து ராவு சாப்பிடல்ல."

ஆகவே என் சந்தேகம் முழுக்கப் பொய்யில்லை. அவர்கள் கேட்டிருக்கிறார்கள். நான் பயந்தது சரிதான், யாருக்குப் பயந்தேன் என்பதுதான் பிழை. மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒரு கொப்பித் தாளையும் பேனையையும் என் முன்னால் வைத்துவிட்டு அப்பால் போனாள். மன்னித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எழுதினேன். டைப் அடித்தே பழகிய கை, எழுத்துக்கள் சரிந்து சரிந்து போயின. நாலாம் மாதம் இரண்டு கிழமை, ஆறாம் மாதம் பத்து நாள். ஏன் சொல்லவில்லை என்ற இடத்தில் நெடுநேரம் நின்றேன். கடைசியில் "பயம்" என்று ஒரு சொல் எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தேன்.

டொக்டர் தாளை இரண்டு தரம் வாசித்தார். "இவ்வளவுதானோ, பிள்ளை?"

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இல்லை, டொக்டர். இடது கண்ணால இப்ப உங்கட முகம் தெரியேல்லை."

அவர் எழும்பிவிட்டார். என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வீட்டுக்குப் போக விடவில்லை. அன்றே வாட்டில் சேர்த்து, மிஸ்ஸியைக் கூப்பிட்டு சேலைன் ஏற்றச் சொன்னார். ஸ்டீரொய்ட் மருந்து, ஐந்து நாள். நரம்பில் நடக்கும் அடிதடியை அது கெதியாக அடக்கும். வாயெல்லாம் செம்புக் காசைச் சப்பியதுபோல ஒரு ருசி, நித்திரை இல்லை, முகம் ஊதிப்போனது. பக்கத்துக் கட்டில்காரி என்னிடம் என்ன வருத்தத்துக்கு வாட்டில் சேர்ந்தாய் என்று கேட்டாள். பழக்கத்தில் "ஒண்டுமில்லை" என்றேன். பிறகு திரும்பிப் படுத்து, முதலிலிருந்து எல்லாம் சொன்னேன்.

லிங்கம் மத்தியானம் ஓடி வந்தார். ஏசுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் கட்டிலைச் சுற்றி நடந்தார், சேலைன் தொங்கும் கம்பி ஆடுவதைக் கண்டார், பையிலிருந்து ஸ்பனரை எடுத்துக் குனிந்து அதன் காலை இறுக்கினார். நிமிரும்போது கண் கலங்கியிருந்தது. "கண்ணைப் பற்றி எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்தானே," என்றார். அதற்குப் பிறகு அந்த வாட்டில் ஆடிய மற்றக் கம்பிகளையும் இறுக்கிவிட்டுத்தான் போனார்.

கொழும்புக்குப் பெயர் போனது. ஊசியும் கிடைத்தது. துறைமுக பாஸை அடுத்த தடவை புதுப்பித்துத் தரவில்லை. காரணம் சொல்லவில்லை. அது என் நோயாலா வேறெதனாலா என்று நான் பலரையும் சந்தேகித்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. இப்போது வீட்டிலிருந்து டைப் அடித்துக் கொடுக்கிறேன். மாதாமாதம் இலக்கம் ஏழுக்கு இரத்தமும் கொடுக்கிறேன். நஸ்ரின் இப்போது என் முன்னாலேயே மூன்று தரம் எண்ணிக் காட்டி ஒட்டுகிறாள்.

இடது கண் முழுதாகத் திரும்பவில்லை. நடுவில் ஒரு புகை நிற்கிறது, எழுத்து வாசிக்க முடியாது. இனி இது இப்படித்தான் என்று டொக்டர் சொன்ன அன்று, கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டேன். நாலாம் மாதமே உண்மையை எழுதி ஊசி தொடங்கியிருந்தால் இந்தக் கண் தப்பியிருக்குமோ?

"தெரியாது, பிள்ளை," என்றார். "ஊசி போட்டாலும் வந்திருக்கும்."

தெரியாது என்றவர் அடுத்த மூச்சில் வந்திருக்கும் என்று எப்படிச் சொன்னார்? அவர் எனக்குச் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அதை மட்டும் நான் துருவிக் கேட்கவில்லை.